65 வயதில் மெடிகேர்: மெடிகேப் துணைக்காப்பீடா, அட்வான்டேஜ் திட்டமா?

அமெரிக்காவில் 65 வயதை நெருங்குகிறவர்களின் தபால் பெட்டியில் காப்பீட்டு விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். அவற்றில் கண்ணில் படும்படி அச்சிடப்பட்டிருப்பது 'மாதப் பிரீமியம் பூஜ்யம் டாலர்' என்ற வரிதான். மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடாது. அரசு நேரடியாக நடத்தும் மூல மெடிகேரோடு மெடிகேப் என்ற துணைக்காப்பீட்டைச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்வது இன்னொரு வழி. இவ்விரண்டையும் 2026ஆம் ஆண்டுக் கட்டணங்களைக் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன்.

எந்த வழியில் சென்றாலும் தப்பாத செலவு ஒன்று உண்டு. மருத்துவர் கட்டணம், பரிசோதனைகள், வெளிநோயாளர் சிகிச்சை ஆகியவற்றுக்கான 'பி' பகுதிக்கு மாதம் 202.90 டாலர் கட்ட வேண்டும். பூஜ்யம் பிரீமியம் என்று விளம்பரம் செய்யும் திட்டத்தில் சேர்ந்தாலும் பொதுவாக இதைக் கட்டியே ஆக வேண்டும். ஆண்டு வருமானம் தனிநபருக்கு 1,09,000 டாலரையும் கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதிக்கு 2,18,000 டாலரையும் தாண்டினால் இத்தொகை இன்னும் கூடும். அதற்கு எடுத்துக்கொள்ளப்படுவது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வரிக்கணக்கு என்பதால், அண்மையில் ஓய்வு பெற்றவர்கள் அந்தக் காரணத்தைக் காட்டிக் குறைக்கும்படி விண்ணப்பிக்கத் தவறக் கூடாது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான 'ஏ' பகுதி, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், அதாவது 40 காலாண்டுகள், மெடிகேர் வரி கட்டி உழைத்தவருக்கும் அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் பிரீமியம் இல்லாமல் கிடைக்கிறது.

மூல மெடிகேரை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் நம் பொறுப்பு. இது ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் தொகையன்று. வீடு திரும்பி 60 நாட்கள் கடந்தபின் மறுபடி சேர நேர்ந்தால் மீண்டும் கட்ட வேண்டும். 'பி' பகுதியில் ஆண்டுக்கு முதல் 283 டாலரைக் கட்டியபின், ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டணத்தில் 20 விழுக்காடு நம்முடையது. அதற்கு உச்சவரம்பே கிடையாது. 1,00,000 டாலர் ஆகும் வெளிநோயாளர் புற்றுநோய்ச் சிகிச்சையில் நம் பங்கு 20,000 டாலரைத் தாண்டிவிடும். ஆகவே வேறு துணை இல்லாதவர்கள் மூல மெடிகேரோடு மட்டும் நின்றுவிடுவதை நான் ஒரு தேர்வாகவே கருதவில்லை.

இந்த ஓட்டையை அடைப்பதற்கு விற்கப்படுவதுதான் மெடிகேப். விற்பவை தனியார் நிறுவனங்கள் என்றாலும், மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் நீங்கலாக மற்ற மாநிலங்களில் ஆங்கில எழுத்தால் பெயரிடப்பட்ட ஒவ்வொரு மெடிகேப் திட்டத்திலும் என்னென்ன அடங்க வேண்டும் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் 'பிளான் ஜி' தரும் அடிப்படைப் பயன்களைத்தான் இன்னொரு நிறுவனத்தின் 'பிளான் ஜி'யும் தரும், விலைதான் வேறுபடும். அந்தத் திட்டத்தில் மேற்சொன்ன 283 டாலரைக் கட்டிவிட்டால், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் நம் பங்காக வருவதை அநேகமாக முழுவதும் அதுவே ஏற்றுக்கொள்ளும். மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், நாட்டின் எந்த ஊரிலும், யாருடைய பரிந்துரையும் இல்லாமல் செல்லலாம். மருந்துகளுக்கு மட்டும் 'டி' பகுதியைத் தனியாக வாங்க வேண்டும்.

அட்வான்டேஜில் அரசு ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதந்தோறும் ஒரு தொகையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சிகிச்சைச் செலவை நிர்வகிப்பது நிறுவனத்தின் வேலை. மருந்துக் காப்பீடு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். மூல மெடிகேர் பொதுவாகத் தராத பல் சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, காதுகேள் கருவி ஆகியவற்றுக்கும் ஓரளவு பணம் கிடைக்கும். தகுதியுடையவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று இந்த வழியில்தான் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு நம் கையிலிருந்து போகும் பணத்துக்கு ஆண்டு உச்சவரம்பும் உண்டு: திட்டத்தின் வலையமைப்புக்குள், அதாவது அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிலும், அது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது, குறைவாக வைத்திருக்கும் திட்டங்களும் இருக்கின்றன.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெடிகேப் பிரீமியம் ஊருக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதால், மாதம் 150 டாலர் என்றும் மருந்துக் காப்பீடு 40 டாலர் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,280 டாலர், அதோடு 283 டாலர் சேர்த்தால் 2,563 டாலர். நோயில்லாத ஆண்டில் பூஜ்யம் பிரீமியம் அட்வான்டேஜ்காரர் சில நூறு டாலரோடு முடித்துக்கொள்வார். அவருக்கு 2,000 டாலருக்கு மேல் மிச்சம். பெருநோய் வந்த ஆண்டில் அவர் 9,250 டாலர் வரை கொடுக்க நேரலாம், மெடிகேப்காரரின் செலவோ அதே 2,563 டாலரில் நிற்கும். (2,100 டாலர் என்ற ஆண்டு மருந்துச் செலவு வரம்பு இரு தரப்புக்கும் பொது என்பதால் இதில் சேர்க்கவில்லை.) மூன்று நல்ல ஆண்டுகளில் சேர்ந்த மிச்சம் ஒரு கெட்ட ஆண்டில் கரைந்துவிடுகிறது. உச்சவரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகத் தொடங்குவதால், நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை நீளும் சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுகளின் வரம்பும் பொருந்தும். மறுபக்கத்தில், மெடிகேப் பிரீமியம் இன்றிருப்பதுபோலவே நீடிக்காது. வயதுக்கேற்ப விலை வைக்கும் நிறுவனங்களில் 80 வயதுக்காரர் 65 வயதுக்காரரைவிடக் கணிசமாக அதிகம் கட்டுவார்.

பணக் கணக்கைவிடவும் முக்கியமானதாக நான் நினைப்பது, இவ்விரு வழிகளுக்கும் இடையிலான கதவு இரு பக்கமும் ஒன்றுபோலத் திறப்பதில்லை என்பதுதான். 65 வயது நிறைந்து 'பி' பகுதி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு, எந்த நோய் இருந்தாலும் எந்த மெடிகேப் நிறுவனமும் மறுக்க முடியாது, நோயைக் காரணம் காட்டிக் கூடுதல் விலையும் வைக்க முடியாது. அந்த ஆறு மாதம் கழிந்தால், நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேய்ன் போன்ற சில மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் உடல்நிலையைக் கேட்டறிந்த பிறகே தருவார்கள். நீரிழிவோ இதய நோயோ இருப்பவருக்குக் கிடைக்காமலே போகலாம். மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை தாராளமாக மாறலாம். 65 வயதில் முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு, மனம் மாறித் திரும்ப முதல் 12 மாதங்கள் சட்டப் பாதுகாப்பு உண்டு. விளம்பரங்களில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் நலமாக இருக்கும்போது எடுக்கும் இந்த முடிவுதான் நோயுற்ற காலத்தின் வாய்ப்புகளைத் தீர்மானிக்கிறது.

நோயுற்ற காலத்தில் அட்வான்டேஜ் உறுப்பினர் சந்திக்கும் இன்னொரு தடை முன் அனுமதி. மருத்துவமனைச் சேர்க்கை, விலை உயர்ந்த ஸ்கேன், அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வு இல்லம் போன்றவற்றுக்கு நிறுவனத்தின் ஒப்புதலை முதலில் பெற வேண்டியிருக்கும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், செய்யவும் வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதங்கள் தமிழ்நாட்டில் தங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூல மெடிகேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. 'பிளான் ஜி' இருந்தால், பயணத்தின் முதல் 60 நாட்களில் நேரும் அவசரச் சிகிச்சையில், முதல் 250 டாலர் போக மீதியில் 80 விழுக்காடு கிடைக்கும்; வாழ்நாள் முழுமைக்கும் வரம்பு 50,000 டாலர். அட்வான்டேஜில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை அடங்குமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பொதுவாக, அதன் சேவைப் பகுதியைவிட்டு ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து விலகியிருந்தால் உறுப்பினர் நீக்கப்படுவார்.

பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்குக் கணக்கு அடியோடு வேறு. 65 வயதும் ஐந்து ஆண்டுத் தொடர் குடியிருப்பும் நிறைந்தபின் அவர்கள் மெடிகேரை விலைக்கு வாங்கலாம். பிள்ளைகள் கட்டிய வரி இதற்குக் கணக்கில் வராது. உழைப்புக் காலாண்டுகள் இல்லாதவருக்கு 'ஏ' பகுதி மாதம் 565 டாலர், 'பி' பகுதியோடு சேர்த்தால் ஒருவருக்கு 767.90 டாலர். 'பி' பகுதியை மட்டும் வாங்கினால் மெடிகேப்பும் கிடைக்காது, அட்வான்டேஜும் கிடைக்காது. உரிய நேரத்தில் சேராமல் தள்ளிப்போட்டால், தவறவிட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 'பி' பிரீமியத்தில் 10 விழுக்காடு அபராதமாக ஏறும், அது வாழ்நாள் முழுவதும் தொடரும்.

மாதம் 200 டாலர் அளவுக்குக் கூடுதலாகக் கட்ட முடிகிறவர்கள் முதல் ஆறு மாதத்திலேயே மெடிகேப் வாங்கிவிடுவது நல்லது என்பதே என் தீர்மானமான கருத்து. அது முடியாதவர்களுக்கு, தங்கள் மருத்துவரும் அருகிலுள்ள நல்ல மருத்துவமனையும் வலையமைப்பில் இருக்கும், உச்சவரம்பு குறைந்த அட்வான்டேஜ் திட்டம் தகும். ஆனால் வருமானம் குறைவென்றால் 'பி' பிரீமியத்தையே ஏற்கும் மெடிகேர் சேமிப்புத் திட்டத்துக்கும், மருந்துச் செலவைக் குறைக்கும் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' உதவிக்கும் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற பெயரில் இயங்கும் அரசு நிதியுதவி பெற்ற ஆலோசனை மையங்கள் இந்த விண்ணப்பங்களுக்கும் திட்ட ஒப்பீட்டுக்கும் கட்டணமின்றி உதவுகின்றன. முகவர்களுக்குக் கிடைப்பதுபோல அங்கிருப்பவர்களுக்குத் திட்டங்களிலிருந்து கமிஷன் கிடையாது.