டைகர் மாத்தின் பின் இருக்கையில் 11 ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில உட்பகுதியில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு புல்தரை விமானத்தளத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு டி ஹாவிலாண்ட் டைகர் மாத் விமானத்தைப் பராமரித்து வருகிறோம். மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகளும், முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகளும் கொண்ட பழைய பயிற்சி விமானம் இது. 11 ஆண்டுகளில் என் பங்குக்குச் சுமார் 400 மணி நேரம் பறந்திருக்கிறேன். பங்கு சேர நினைக்கும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஓட்டுவது எளிதா?" என்பதுதான். எளிதுதான். பிழையில்லாமல் ஓட்டுவது கடினம். இந்த விமானத்தின் மதிப்பே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் மின்சாரம் என்பதே கிடையாது. பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வேண்டும். பேட்டரி இல்லாமலே இயந்திரத்துக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று இருவரும் உரக்கச் சொல்லி உறுதி செய்த பிறகு நான்கைந்து முறை மெதுவாகச் சுற்றி, எரிபொருளை உள்ளே இழுக்க விடுவோம். பிறகு, சுவிட்ச் போட்டாயிற்று என்று சொல்லும் "கான்டாக்ட்" என்ற குரல். கையை வீசி இழுத்த வேகத்திலேயே உடம்பும் பின்னால் விலகிவிட வேண்டும். தலைகீழாகப் பொருத்தப்பட்ட நான்கு சிலிண்டர் ஜிப்ஸி மேஜர் இயந்திரம், 130 குதிரைத்திறன், நீல நிறப் புகையைத் துப்பிவிட்டு ஓடத் தொடங்கும். குளிர்காலக் காலையில் அந்த முதல் புகையின் எண்ணெய் மணம் கையுறையில் மாலை வரை தங்கியிருக்கும்.

தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் அமர வேண்டும். மேலே ஏறியதும் இந்த விமானத்தின் குணம் புரிந்துவிடும். திரும்புவதற்காகக் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கோலை மட்டும் சாய்த்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் மிதியைக் காலால் அதற்கு ஏற்ற அளவில் அழுத்த வேண்டும். அளவு சரியா என்று அறியக் கருவியைப் பார்க்கத் தேவையில்லை. விமானம் பக்கவாட்டில் வழுக்கினால் ஒரு கன்னத்தில் மட்டும் காற்று அறையும். இரு கன்னங்களிலும் காற்று சமமாகப் பட்டால் திருப்பம் சரி. இன்றைய மூடிய பயிற்சி விமானங்களில் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு வந்த எனக்கு, என் கால்கள் சோம்பிக் கிடந்ததை முதல் பத்து நிமிடத்திலேயே இந்தக் காற்று சொல்லிக் கொடுத்தது.

இதன் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மேல் இறக்கைதான். டைகர் மாத்துக்கு முன்னோடியான மாத் விமானத்தில் முன் இருக்கைக்கு நேர் மேலே எரிபொருள் தொட்டி, சுற்றிலும் கம்பங்கள். பாராசூட் கட்டிய பயிற்சியாளர் ஆபத்தில் அங்கிருந்து வெளியேற முடியாது. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். இறக்கை முன்னே போனால் தூக்குவிசையும் முன்னே போய்ச் சமநிலை கெடும். அதை ஈடுகட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கும் அந்தச் சாய்வு, ஒரு மனிதன் உயிரோடு குதிப்பதற்காகச் செய்யப்பட்டது. 1931 அக்டோபர் 26 அன்று இது முதன்முதலாகப் பறந்தது. முன் இருக்கையில் ஏறும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

மொத்தம் 8,800-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் ஆஸ்திரேலியாவில். எங்களுடையதும் இங்கே பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா எனப் பல நாடுகளில் பயிற்சிப் பள்ளிகள் இதை வைத்தே நடந்தன. இந்தியாவில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் அத்தகைய பள்ளிகள் இருந்தன. இங்கே நியூ சவுத் வேல்ஸின் டெமோரா ஊரில் 1941 முதல் 1946 வரை இயங்கிய பள்ளியில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான இளைஞர்கள் பறக்கக் கற்றார்கள். பயிற்சியாளர் முன் இருக்கையில், மாணவன் பின் இருக்கையில். இருவருக்கும் இடையே பேச ஒரு ரப்பர் குழாய். சுமார் பத்து மணி நேரத்துக்குள் மாணவன் தனியாகப் பறந்தாக வேண்டும். தேறியவர்கள் விர்ராவே அல்லது ஆன்சன் போன்ற பெரிய விமானங்களுக்குப் போனார்கள். தேறாதவர்களை விமானத்தில் திசை கணிக்கும் வழிகாட்டியாகவோ துப்பாக்கி வீரராகவோ ஆக்கினார்கள். ஒரு பையனின் போரையே இந்த இருக்கை தீர்மானித்தது.

போர்க்களத்துக்கு இதை யாரும் வடிவமைக்கவில்லை. ஆனாலும் 1940 கோடையில் ஜெர்மானியப் படை கடல் கடந்து வரும் என்று பிரிட்டன் அஞ்சியபோது, இதன் அடியில் சுமார் 9 கிலோ எடையுள்ள எட்டுக் குண்டுகளைத் தொங்கவிடும் தாங்கிகளைப் பொருத்தினார்கள். மணிக்கு 175 கிலோமீட்டரைத் தாண்டாத இந்தத் துணி விமானத்தில் பயிற்சி முடிக்காத பிள்ளைகளையும் அனுப்பியிருப்பார்கள். நல்ல வேளையாக அந்த நாள் வரவில்லை. பர்மாவில் இதற்கு வாய்த்த வேலையை நினைத்தால்தான் மனம் நிறைகிறது. உடலின் பின்பகுதியில் மூடி வைத்து, காயம்பட்ட ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் ஆம்புலன்ஸாகச் சில விமானங்களை மாற்றினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிரேக் கிடையாது, வால் சக்கரம் கிடையாது, வெறும் சறுக்குக் கட்டைதான். மூன்றாம் ஆண்டில் பக்கக் காற்றில் இறங்கியபோது, தரை தொட்டதும் வேலை முடிந்தது என்று நான் காலைத் தளர்த்தினேன். விமானம் சுழன்று கீழ் இறக்கையின் நுனி புல்லில் உரசியது. துணியைக் கிழித்து, உடைந்த மரத்தை மாற்றி, மறுபடி துணி போர்த்தி வண்ணம் பூச ஐந்து மாதம் ஆயிற்று. தவறு முழுக்க என்னுடையது. அதன் பிறகு விமானம் முழுவதும் நிற்கும்வரை நான் சுக்கானிலிருந்து காலை எடுப்பதில்லை.

எரிபொருள் மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர். எண்ணெயும் குடிக்கும், தரையில் சொட்டவும் செய்யும். சொட்டுவது நின்றால்தான், எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று நாங்கள் கவலைப்படுவோம். எதிர்க்காற்று பலமாக அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் போகும் கார்கள் நம்மை முந்தும். ஊர்விட்டு ஊர் போக வேண்டுமென்றால் வேறு விமானம் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் காற்று எழுவதற்கு முன் 40 நிமிடம் பறந்துவிட்டு இறங்கும் சுகத்துக்கு ஈடாக நான் வேறு எதையும் கண்டதில்லை.

பங்கு வாங்க எண்ணுபவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒரு குளிர்காலக் காலையில் வாருங்கள். புரொப்பெல்லரைச் சுழற்றுவதை முதலில் தள்ளி நின்று பாருங்கள். பிறகு முன் இருக்கையில் ஏறுங்கள். கையுறையும் கழுத்துத் துணியும் கட்டாயம் வேண்டும்.