அப்பாவின் மாடிப்படிக்கு ஒட்டிய எல்இடி பட்டை: ஆறு மாத அனுபவம்

அப்பாவுக்கு ராத்திரி படி இறங்கும்போது கால் தடுமாறுகிறது. பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது, அணைத்தால் சுத்தமாக எதுவும் தெரியவில்லை என்கிறார். அதற்காகத்தான் டபிள்யூஎஸ்2812பி என்ற எல்இடி பட்டை வாங்கிக் கைப்பிடிக்கு அடியில் ஒட்டி, ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினியோடு இணைத்தேன். 5 மீட்டர் சுருள், மீட்டருக்கு 60 விளக்கு.

ஒரே டேட்டா வயரில் 300 விளக்கையும் தனித்தனியாக எரியவைக்கலாம் என்பதுதான் இதன் அருமை. ஒவ்வொரு விளக்கும் தனக்கான 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். 300க்கும் தகவல் போய்ச்சேர 9 மில்லிசெகண்ட் போதும். பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுவதும் சுலபம். சிவப்பு கேட்டால் பச்சை எரிகிறதே என்று பதறாதீர்கள். இதில் நிறங்களை அனுப்பும் வரிசை பச்சை, சிவப்பு, நீலம்.

முதல் நாள் விளக்குகள் கண்டபடி மினுங்கின. ராஸ்பெர்ரி பையிலிருந்து வருவது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் பட்டைக்கோ குறைந்தது 3.5 வோல்ட் வேண்டும். நடுவில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் ஒரு 74ஏஹெச்சிடி125 சிப் வைத்தேன், அத்தோடு மினுங்கல் நின்றது. இந்தச் சிப் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம். அப்புறம் கரண்ட். முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், மொத்தம் 18 ஆம்பியர். தனி சப்ளை வேண்டும், அதன் கிரவுண்டும் (மைனஸ் வயர்) ராஸ்பெர்ரி பையின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் பவர் கொடுத்தபோது மறுமுனையில் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு முனையிலும் கொடுத்தபின் சரியாகிவிட்டது.

எனக்கு வந்த சுருளில் ஒரு சால்டர் இணைப்பு விட்டிருந்தது. நானே பற்றவைத்தேன். பின்பக்கப் பசையும் மூன்று வாரத்தில் கழன்றது. கிளிப் போட்டுவிடுங்கள்.

உண்மையான குறை மங்கலான வெளிச்சத்தில்தான் தெரிகிறது. ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை அளவு உண்டு. ஆனால் இருட்டில் அப்பாவின் கண்ணுக்கு இதமாக இருப்பது சிவப்பு 8, பச்சை 3, நீலம் 0. பூஜ்ஜியத்திலிருந்து 8 வரை மெல்ல ஏற்றினால் மொத்தமே எட்டு நிலை, ஒவ்வொன்றும் வெடுக் வெடுக்கென்று தாவுகிறது. நடுவில் பச்சை பின்தங்கி, நிறமும் செக்கச்செவேல் என்று போய்விடுகிறது. கோடில் என்னென்னவோ செய்து பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் வெளிச்சத்தை ஏற்றுவதையே விட்டுவிட்டேன். இப்போது ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சார் ஆளைக் கண்டதும் மேல்படியிலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே கீழே போகின்றன. அப்பாவின் காலுக்கு இரண்டு படி முன்னால் வெளிச்சம் போகிறது, அவர் அதன் பின்னால் நிதானமாக இறங்குகிறார்.

மொட்டைமாடிப் படிக்கு ஏபிஏ102 பட்டை வாங்கப்போகிறேன். ஒரு வயர் கூடுதல்தான், ஆனால் அதில் பிரகாசத்துக்கென்றே தனியாக 5 பிட் இருக்கிறது.