தக்லமகான் விளிம்பா, பாமீர் மலையா?

பட்டுப்பாதையில் ஒரு பகுதியை மட்டுமே பார்க்க முடியும் என்றால், நான் பாமீரையே சொல்வேன். சீனாவின் தக்லமகான் பாலைவனத்தை இன்று ரயிலிலேயே வலம்வரலாம். கடைசி இடைவெளியான ஹோத்தான்–ருவோச்சியாங் பாதை 2022இல் திறக்கப்பட்டது. முதியவர்களோடு செல்ல இதுவே பொருத்தம்.

தஜிகிஸ்தானின் பாமீர் நெடுஞ்சாலை உடலைச் சோதிக்கும். அக்பைத்தால் கணவாயின் உயரம் 4,655 மீட்டர். தலை வலிக்கும், மூச்சு வாங்கும். கோர்னோ-படக்‌ஷான் என்ற அந்த மலைப்பகுதிக்குத் தனி அனுமதியும் வேண்டும். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து புறப்பட்டால் உயரம் சட்டென ஏறிவிடும். தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து கோரோக் நகர் வழியாக மெல்ல ஏறுவது நல்லது. அங்கிருந்து வாகான் பள்ளத்தாக்குக்குத் திரும்புங்கள். ஆற்றின் அக்கரையில் ஆப்கன் கிராமங்கள் தெரிய, வணிகர்கள் நடந்த அதே மலையிடுக்கில் போகிறோம். அந்த நெருக்கம் ரயில் ஜன்னலில் கிடைக்காது. கோடைக்காலத்தில் செல்லுங்கள், பனிக்காலத்தில் அந்தச் சாலை ஆபத்தானது.