பாத எரிச்சலுக்கு மின்தூண்டல்: தோலின் மேலா, தண்டுவடத்தின் அருகிலா?

சர்க்கரை நோயால் நரம்பு பழுதாகி, போர்வை உரசினாலே பாதம் எரிந்து தூக்கம் கெடுகிறவர்களுக்கு டுலோக்செட்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளே முதலில் தரப்படுகின்றன. அவை பலிக்காதபோதோ, தலைசுற்றலும் மந்தமும் வலியைவிடப் பெருந்தொல்லையாகும்போதோதான் மின்தூண்டலைப் பற்றிய பேச்சு எழுகிறது.

எளிய வழி டென்ஸ் (TENS) எனப்படும் தோல்வழி நரம்புத் தூண்டல். காலில் ஒட்டும் பட்டைகள் வழியே கையடக்கக் கருவி ஒன்று மின்துடிப்புகளை அனுப்புகிறது. தொடுவுணர்வைக் கடத்தும் பருத்த நரம்பிழைகளைத் தூண்டினால் தண்டுவடத்தில் வலிச்செய்தி தடைபடும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த 'வாயில்' கோட்பாடே இதற்கு அடிப்படை. கத்தி படாது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்; ஆனால் கிடைக்கும் ஆறுதல் மிதமானது, கருவியை நிறுத்தியபின் நெடுநேரம் நிற்பதுமில்லை. மரத்துப்போன தோலில் மின்னோட்டம் மிகுந்து புண்ணானாலும் தெரியாது என்பதால், உணர்வுள்ள இடத்தில்தான் பட்டையை ஒட்ட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.

தண்டுவடத் தூண்டல் முற்றிலும் வேறு தரத்தது. முதுகெலும்புக் குழாயினுள், தண்டுவட உறைக்கு வெளியே மின்முனைக் கம்பிகளும், தோலுக்கடியில் மின்கலமும் பொருத்தப்படுகின்றன. பழைய முறையில் வலியுள்ள இடத்தில் ஒரு சுருசுருப்பு இருந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு 10,000 துடிப்புகள் தரும் புதிய முறையில் அது இல்லை. 216 பேரைக் கொண்டு நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாதத்தில், நரம்புப் பழுது மோசமாகாமல் வலி பாதியாவது குறைந்தவர்கள் தூண்டல் பெற்றோரில் 79 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 5 விழுக்காடு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த ஆண்டே இதற்கு ஒப்புதல் அளித்தது.

இந்த இடைவெளியை அப்படியே நம்பிவிட நான் தயாரில்லை. சேர்க்கப்பட்டோர் மருந்துக்கு ஏற்கெனவே மசியாதவர்கள்; அதே மருத்துவத்தைத் தொடர்ந்த குழு தேறாததில் வியப்பில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் போலித் தூண்டல் (மின்துடிப்பு செலுத்தாமல் செலுத்துவதுபோல் காட்டுவது) பெற்ற குழுவும் இல்லை. ஆகவே எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. தொற்று ஏற்பட்டுக் கருவியை எடுக்க நேர்வதுண்டு, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த அச்சம் கூடுதல். 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் மூளையுறைக்கடியில் இரத்தம் கசிந்து ஒருவர் இறந்தும் போனார்.

ஆயினும் மற்ற அறுவைகளில் பெரும்பாலும் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: கம்பியை மட்டும் தற்காலிகமாகச் செருகி, மின்கலத்தை உடலுக்கு வெளியே வைத்துச் சில நாள் சோதித்துப் பார்க்கலாம். அந்த நாள்களில் வலிக்கு எத்தனை மதிப்பெண் என்பதோடு, இரவில் எத்தனை முறை விழித்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். அவை மாறாமல் மதிப்பெண் மட்டும் குறைந்திருந்தால் நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.