மெல்ல அசைப்பதா, சட்டெனத் தள்ளுவதா?

"ஒரு சொடக்கு எடுத்துவிடுங்க தம்பி, சரியாயிடும்." கழுத்துப் பிடிப்போடு வரும் நம்மவர் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். முடிவெட்டும் கடையில் தலையைத் திருப்பிவிட்டுக்கொண்ட பழக்கம். அந்தச் சத்தத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை! ஆனால் விலகிய எலும்பு இடத்துக்கு வரும் சத்தமல்ல அது. மூட்டைப் பிரிக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. சத்தம் வராமலும் பலன் கிடைக்கும்.

பிசியோதெரபியில் இரண்டு வழிகள் உண்டு. மூட்டைத் தாளகதியில் திரும்பத் திரும்ப அசைப்பது மொபிலைசேஷன். மிகச் சிறிய தூரத்துக்கு, மிக வேகமாக ஒரே தள்ளு தள்ளுவது மேனிப்புலேஷன். ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் முறையில் முதல் நான்கு படிகள் முன்னது, ஐந்தாவது படி பின்னது. நாலுக்கு அடுத்தது ஐந்து என்பதால், இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்துவதுதான் ஐந்தாம் படி என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அசைக்கும்போது நோயாளி "வலிக்குது" என்றால் அந்த நொடியே நிறுத்தலாம். தள்ளும்போது அவர் வாய் திறக்குமுன் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு இந்த ஒரு வேறுபாடுதான் பெரிது.

இடுப்பு வலிக்கு, அதாவது கீழ்முதுகு வலிக்கு, இரண்டுமே சரி. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் ஏற்கிறது, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும். கை தேர்ந்தவருக்குத் தள்ளும் முறையில் நேரம் மிச்சம். ஆனால் எலும்பு பலவீனத்துக்கும் நரம்பு நெருக்கத்துக்கும் அறிகுறி உண்டா என்று, அதாவது எலும்பு மெலிவா, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தா, சிறுநீர் அடைப்பா, தொடையிடுக்கில் மரத்துப்போகிறதா என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது.

கழுத்தில் என் சாய்வு முழுக்க மொபிலைசேஷன் பக்கம். கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான், ஆனால் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும். கழுத்துவலிக்கு மெல்ல அசைத்தே ஏறத்தாழ அதே குணம் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெறுகிறார்கள். முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர்கள் அதில் வரமாட்டார்கள். அதற்காகப் பதிவு இருந்தாலே எல்லாருக்கும் தள்ளும் கை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டப்படிப்பில் நான்கு படிகளையும் இடுப்புக்கான தள்ளலையும் நன்றாகப் பழக்கட்டும். கழுத்துத் தள்ளல், சில வருடம் நோயாளிகளைப் பார்த்த பிறகு, மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டியது. வகுப்புத் தோழர்களின் கழுத்திலேயே அதைத் திரும்பத் திரும்பப் பழகுவதும் எனக்கு உடன்பாடில்லை. பிடியையும் உடல் நிலையையும் பழகினால் போதும், கடைசித் தள்ளல் அப்புறம் வரட்டும்.