ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆக: உள் அட்டவணையா, டைமர் பிளக்கா?

ரவுட்டரைக் குறித்த நேரத்தில் அணைத்துப் போட இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, அதன் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கும் ரீபூட் அட்டவணை. மற்றது, மின்சாரத்தை வெட்டி மீண்டும் தரும் டைமர் பிளக்.

என் ஓட்டு முதல் வழிக்குத்தான். மென்பொருள் தன் வேலைகளை முடித்துக்கொண்டு ஒழுங்காக நிற்கும். சில நிமிடங்களில் இணைப்பு திரும்பிவிடும். ஆனால் நேரம் சரியாக இருக்க வேண்டும். பல ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. எழுந்த பிறகு இணையத்தில் கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டரில் நாமே போட்டுக்கொள்ளக்கூடிய திறந்த மென்பொருள்) வைத்து, கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி மூலம் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 4.30க்கு அணைந்த ரவுட்டர், எழும்போது பழைய நேரத்தை நம்பி மறுபடியும் 4.30ஐ அடைந்து, திரும்பத் திரும்ப ரீபூட் ஆகும் சுழலில் மாட்டலாம். அதனால்தான் 70 நொடி காத்திருந்து, ஒரு கோப்பின் நேரமுத்திரையைப் புதுப்பித்த பிறகே ரீபூட் செய்வது அங்கே வழக்கம்; எழும்போது ரவுட்டர் அந்த முத்திரையிலிருந்து நேரத்தை எடுப்பதால், 4.30ஐத் தாண்டியே தொடங்கும்.

டைமர் பிளக்கின் பலம் ஒன்றே, ஆனால் பெரியது: ரவுட்டர் முழுதாக உறைந்துபோனாலும் அது வேலை செய்யும். உள் அட்டவணையோ ரவுட்டரோடு சேர்ந்து உறைந்துவிடும். வைஃபை ஸ்மார்ட் பிளக் என்றால், அட்டவணை பிளக்கிலேயே பதிவாகிறதா என்று முதலில் பாருங்கள். கட்டளை கிளவுடிலிருந்து வருமானால், அணைத்த பிறகு மீண்டும் போடச் சொல்ல வைஃபையே இருக்காது. கையால் திருகி நேரம் வைக்கும் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பலவற்றில் குறைந்தது 15 நிமிடம் இணைப்பு போய்விடும். ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) அப்டேட் ஓடும்போது மின்சாரம் வெட்டுப்பட்டால் ரவுட்டரே பாழாகலாம். தானியங்கி அப்டேட் நேரத்திலிருந்து டைமரைத் தள்ளியே வையுங்கள்.