ஏலத்தோட்டத்துக்கு ஹைலக்ஸ் ஒத்துவருமா? போடிமெட்டில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பின்னால் திறந்த சரக்குப் பெட்டி கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப்பைப் பற்றி வந்துள்ள மதிப்புரைகளில் பெரும்பாலானவை மணல்மேட்டிலும் ஆற்றுப்படுகையிலும் வண்டியைத் துள்ளவிட்டு எழுதப்பட்டவை. போடியில் வீடும் மலைக்கு மேலே கேரளத்தின் பூப்பாறைக்கு அப்பால் ஏலத்தோட்டமும் வைத்துக்கொண்டு, வாரத்தில் பல நாள் மலை ஏறி இறங்கும் என்னைப் போன்றவர்களின் கேள்விகளுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே மடக்கில் திரும்புமா, மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறுமா, உர மூட்டை எத்தனை ஏற்றலாம், உயரம் குறைந்த ஒரு பெண் யார் துணையும் இல்லாமல் இதைத் தினசரி ஓட்ட முடியுமா என்பவைதான் எங்களுக்கு வேண்டியவை. பழைய ஜீப்பை மாற்றிவிடும் எண்ணத்தில் இருப்பதால், ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட உயர் ரக ஹைலக்ஸை வரவழைத்து, மலை உச்சியில் கேரள எல்லையை ஒட்டிய போடிமெட்டு வரை ஏற்றி, தோட்டத்துக்குள் விட்டு, இறக்கியும் பார்த்தேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கீழே சொல்லும் பலவற்றுக்கு இந்த அளவு முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹைலக்ஸ் 1968-இல் ஜப்பானில் அறிமுகமான பெயர். இந்தியாவுக்கு அது 2022-இல்தான் வந்தது. பெயர் புதிதே தவிர, உள்ளே இருப்பது நமக்குப் பழகிய சரக்குதான். இனோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் அடிப்படைச் சட்டக வரிசையைச் சேர்ந்தது, 2.8 லிட்டர் டீசல் எஞ்சினும் ஃபார்ச்சூனரில் இருப்பதே. 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை. கையால் கியர் போடும் வண்டியில் இழுவிசை 420 மட்டும். நீளம் 5,325 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 17.5 அடி. அகலம் ஆறடியைச் சற்றே தாண்டும்.

வண்டியை அனுப்பிய ஷோரூமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியில் "சார் எப்ப ஃப்ரீயா இருப்பாங்க மேடம்?" என்று கேட்டார்கள், ஓட்டப்போவது நான்தான் என்றதும் ஒரு நொடி அமைதிக்குப் பிறகு நேரம் குறித்துக்கொண்டார்கள். ஊருக்குள் ஒரு சுற்று போதுமே என்று இழுத்தவர்களிடம், மலையில் ஓட்டாமல் இந்த வண்டியைப் பற்றி நான் எந்த முடிவுக்கும் வரப்போவதில்லை என்று சொன்ன பிறகு சம்மதித்தார்கள். இந்த விலைக்கு வண்டி வாங்க வருபவர் அந்த அளவு வற்புறுத்துவதில் தவறே இல்லை.

வண்டியில் ஏறுவது முதல் சோதனை. பக்கவாட்டுப் படி இருப்பதால் சுடிதாரில் எனக்குச் சிரமம் இல்லை. படியில் இடது காலை வைத்து, உடலைத் தூக்கி, இருக்கையில் சரிந்து அமர்ந்துவிடலாம். ஆனால் பின்கதவு வழியாகப் புடவையில் ஏற முயன்ற என் மாமியார், "ஏம்மா, இதுல ஏறுறதுக்கே ஒரு முக்காலி வேணும்போலயே" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. பின்கதவு குறுகலாகத் திறக்கிறது. படியிலிருந்து தளத்துக்கு இன்னும் ஒரு எட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒருவர் கைகொடுக்க வேண்டும். உட்கார்ந்த பிறகும் பின் இருக்கையின் முதுகு சற்று நிமிர்ந்தே இருக்கிறது. குடும்பத்தோடு மதுரைக்கோ திருச்சிக்கோ போவதற்கும் இதையே பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள், பின்னால் உட்காரப்போகிறவரை அழைத்துச்சென்று உட்காரவைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டுநர் இருக்கை வேறு கதை. மின்விசையால் எட்டு விதமாக நகர்த்த முடிகிற இருக்கை. ஸ்டீயரிங்கும் மேலும் கீழும் நகர்வதோடு முன்னும் பின்னும் வருகிறது. இரண்டையும் கூட்டி வைத்தபோது பெடலுக்குக் கால் முழுதாக எட்டியது, முதுகும் சாய்மானத்தை விட்டு நகரவில்லை. ஜீப்பில் இத்தனை ஆண்டுகள் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டிய எனக்கு இதுவே பெரிய விஷயம். இருக்கையை முழுக்க உயர்த்தியபோது பானெட்டின் இரண்டு ஓரங்களும் தெரிந்தன. ஆனாலும் பானெட்டுக்கு நேர் முன்னால், தரையோடு ஒட்டிய ஒரு பகுதி கண்ணுக்குப் படவே படாது. தெருவில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் முன்புற சென்சார் ஒலிக்கிறதா என்று கவனித்தே நகர்த்த வேண்டும். இது இருக்கையைச் சரிசெய்து தீர்க்கக்கூடிய குறை இல்லை. உயரமான முகப்பு உள்ள எல்லா வண்டிகளுக்கும் உள்ளது.

அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சினின் அருமை தெரிந்தது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஜீப்பை இரண்டாவது கியருக்கு இறக்கி, வளைந்து முடிந்ததும் மூச்சுவாங்க ஏற்றுவது எங்கள் வழக்கம். ஹைலக்ஸில் அந்த வேலையே கிடையாது. வளைவுக்குள் வேகம் குறைகிறது, வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், ஏற்றம் என்பதே தெரியாமல் வண்டி இழுத்துக்கொண்டு போகிறது. வண்டியை இன்னும் விறுவிறுப்பாக இழுக்க வைக்கும் பவர் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே அந்த நிலையை அணைத்துவிட்டேன். மலைப்பாதைக்கு அந்த அவசரம் தேவைப்படவில்லை. எதிரே பேருந்து வந்த ஓர் இடத்தில் ஏற்றத்திலேயே நின்று மீண்டும் கிளம்பியபோது வண்டி அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. மலை ஏற்றத்தில் கிளட்சையும் ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்று விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் ஆரம் 6.4 மீட்டர் என்பதால் வளைவுகளைப் பற்றித்தான் எனக்கு அதிக ஐயம் இருந்தது. பேருந்து திரும்பும் வளைவில் ஹைலக்ஸ் திரும்பாமல் போகாது, அது உண்மை. ஆனால் ஜீப்பைப் போல வளைவின் உள்பக்கத்தை ஒட்டியே மடக்கிவிட முடியாது. சாலையின் அகலத்தை முழுக்க எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்க வேண்டும். எதிரே வண்டி இருந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிட்டுப் பிறகு நுழைவதே ஒழுங்கான முறை. ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. ஓடும்போது அதன் கனம் நம்பிக்கை தருகிறது. மெதுவாகத் திருப்பும்போது அதே கனம் தோளில் தெரிகிறது. மேலே போய்ச் சேர்ந்தபோது என் தோள்பட்டை அதை நினைவுபடுத்தியது. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் முன்கண்ணாடியின் ஓரத்துத் தடித்த தூண், எதிரே வரும் இருசக்கர வண்டியை முழுதாக மறைத்துவிடக்கூடியது; தலையைச் சற்று முன்னால் நீட்டி எட்டிப் பார்த்து ஓட்டும் பழக்கம் தானாகவே வந்துவிட்டது.

கேரள எல்லைக்குள் தேசிய நெடுஞ்சாலை அகலமாக்கப்பட்டிருப்பதால் அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி அமைதியாகப் போகிறது, அவ்வளவே. சாலையை விட்டுத் தோட்டத்துப் பாதையில் இறங்கியதும் பின்புறப் பட்டை ஸ்பிரிங்குகள் தங்கள் குணத்தைக் காட்டின. வெற்றுப் பெட்டியோடு போகும்போது கல்லும் பள்ளமும் உள்ள இடங்களில் பின்பக்கம் குதிக்கிறது. பாரம் தாங்குவதற்காக வைத்த ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது விறைப்பாகத்தான் இருக்கும். நான் தோட்டத்தில் இருந்த வேப்பம் புண்ணாக்கு மூட்டைகளில் சிலவற்றைப் பின்னால் ஏற்றச் சொல்லி, அதே பாதையில் திரும்ப ஓட்டினேன். குதிப்பு கணிசமாக அடங்கியது. ஷோரூம்காரர் முகம் சுளித்தாலும், இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பிக்அப்பையும் எடைபோட முடியாது என்பது என் கருத்து.

நான்கு சக்கர இயக்கத்துக்கு ஒரு திருகு போதும். சாதாரணச் சாலையில் பின்சக்கரம் மட்டும். சேற்றிலும் சரளையிலும் நான்கு சக்கரமும். செங்குத்தான இடங்களுக்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டுவிட்டுக் குறைந்த வேக நிலைக்கு மாற்ற வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டக்கூடாது. வளைவுகளில் வண்டி முறுக்கிக்கொள்ளும், பாகங்கள் தேயும். ஓடைக்கரையில் முந்தைய நாள் மழையில் ஊறியிருந்த ஏற்றத்தில், எங்கள் ஜீப் வழக்கமாக ஆள் தள்ளினால்தான் ஏறும் இடத்தில், குறைந்த வேக நிலையில் ஹைலக்ஸ் அசையாமல் நடந்து ஏறியது. சக்கரம் சறுக்கத் தொடங்கும் நொடியில் பிரேக் தானாகப் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசையை அனுப்புவதைக் 'கர்ர்' என்ற ஒலியில் உணர முடிகிறது. அதே சரிவில் இறங்கும்போது இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்தேன். முதல் சில அடிகளுக்குக் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது என்னவோ உண்மை. அதன் பிறகு வண்டி தன் வேகத்தில் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நல்ல பெயர் வாங்கிய வண்டி, போடிக்குள் வந்ததும் அதில் பாதியை இழந்தது. கடைத்தெருவில் நிறுத்த இடம் தேடுவது பெரும் பாடு. பின்புறக் காமிராவும் சென்சார்களும் இருப்பதால் இடிக்காமல் நிறுத்துவது கடினமில்லை, 17.5 அடிக்கு இடம் கிடைப்பதுதான் கடினம். எங்கள் வீட்டுப் போர்டிகோவை டேப் வைத்து அளந்தால் 16 அடி. வண்டியின் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, கேட்டைச் சாத்த முடியவில்லை. வாங்குவதானால் கேட்டை இரண்டடி முன்னால் தள்ள வேண்டும், அதற்குத் தெருவில் இடமில்லை.

இனி பெட்டி. பார்க்கப் பெரிதாக இருக்கும் இதன் பின்பெட்டி ஏறத்தாழ ஐந்தடி நீளம்தான். தாங்கும் பாரமும் அரை டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை என்றால் எட்டு, ஒன்பது மூட்டையோடு கணக்கு முடிந்துவிடும். விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஆகும் பொலிரோ பிக்அப் 1.3 டன் முதல் 1.7 டன் வரை சுமக்கிறது. உரம் ஏற்றவும் பச்சை ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோகவும்தான் வண்டி வேண்டுமென்றால் ஹைலக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். பெட்டியின் பக்கச் சுவர் என் நெஞ்சுயரத்துக்கு வருவதால், உள்ளே நடுவில் இருக்கும் ஒரு மூட்டையைப் பக்கத்திலிருந்து எடுக்க எனக்குக் கை எட்டாது. பின்கதவைச் சாய்த்து, ஏறி, உள்ளே போய் இழுக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தினமும் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண் கூலியாட்களை ஜீப்புகளில் அடைத்துக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிக்அப் வாங்கியதும் பெட்டியில் ஆள் ஏற்றலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். சட்டப்படியும் கூடாது, அந்த வளைவுகளில் மனசாட்சிப்படியும் கூடாது.

உரிமம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இலகுரக வாகன உரிமம் போதும். மொத்த எடை மூன்று டன்னை ஒட்டியே இருக்கும் இந்த வண்டிக்குத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களைக்கூட இலகுரக உரிமத்தில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. ஹைலக்ஸுக்கோ சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பலகையே கிடைக்கிறது.

விலைதான் இடிக்கிறது. 2022-இல் அறிமுகமானபோது ஷோரூம் விலை 33.99 லட்சத்தில் தொடங்கி 36.80 லட்சம் வரை இருந்தது; பிறகு தொடக்க ரகத்தின் விலையைக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் விலை உயர்ந்த சொந்த வாகனங்களுக்குச் சாலை வரி கடுமை என்பதால், எனக்குக் கொடுத்த பட்டியலில் உயர் ரகத்தின் மொத்தச் செலவு 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இசுசு வி-கிராஸ் இதைவிடச் சில லட்சம் மலிவு. அதன் 1.9 லிட்டர் எஞ்சின் தரும் 360 நியூட்டன் மீட்டர் இழுவிசை மலைக்குக் குறைவில்லை என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். அதையும் ஓட்டிப் பார்க்காமல் நான் முன்பணம் கட்டப்போவதில்லை.

கடைசியாக, எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல். உலர்ந்த ஏலக்காயை ஏல விற்பனைக்குக் கொண்டுபோகும்போது ஈரம் பட்டால் நிறமும் விலையும் போய்விடும். திறந்த பெட்டியில் மூட்டையை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கக்கூட இறங்க முடியாது. பின் இருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடித்தால் இரண்டு மூட்டைகள் நிற்கும், அதற்கு மேல் முடியாது. பூட்டோடு கூடிய கூண்டு மூடி வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதன் விலையையும், மழையில் தண்ணீர் உள்ளே இறங்காது என்ற உறுதியையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.